ஹிஸ்டோன் குறிகளைப் புரதங்கள் எப்படிப் படிக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிஸ்டோன் குறி என்றால் என்ன? அதைப் படிப்பது எது?

எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு மையத்தை 147 அடியிணை நீளமுள்ள டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருந்தால் அது நியூக்ளியோசோம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கிலும் இரண்டிரண்டு. இந்த ஹிஸ்டோன்களின் முனைகள் மடிப்பில்லாமல் மையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் வால்கள். வாலில் உள்ள லைசினில் அசெட்டைலோ மெத்திலோ ஏறும், ஆர்ஜினினில் மெத்தில் ஏறும், செரினிலும் திரியோனினிலும் பாஸ்பேட் ஏறும். சில லைசின்களில் யூபிகுவிட்டின் என்ற முழுப் புரதமே ஏறி உட்காரும். இந்தக் குறிகளைத் தேடி வந்து பிணையும் புரதத்துக்கு வாசிப்பான் என்று பெயர். பெரும்பாலும் முழுப் புரதமும் இந்த வேலையைச் செய்வதில்லை; அதில் 50 முதல் 130 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு டொமைன் போதும்.

இனி வரும் இடங்களில் எச்3கே4 என்றால் எச்3 ஹிஸ்டோனின் 4-ஆம் இடத்து லைசின். கே என்பது லைசின், ஆர் என்பது ஆர்ஜினின், எஸ் செரின், டி திரியோனின்.

அசெட்டைல் ஏறிய லைசினை எது படிக்கிறது?

முதலில் சொல்ல வேண்டியது புரோமோடொமைன். பிசிஏஎஃப் என்ற புரதத்தின் புரோமோடொமைன் அசெட்டைல் லைசினைப் பிடிக்கிறது என்பது 1999-இல் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) மூலம் தெரியவந்தது. நான்கு ஆல்பா சுருள்கள் ஒரு கட்டாக நிற்கும். அவற்றின் ஒரு முனையில் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஆழமான பள்ளம் இருக்கும். அசெட்டைல் லைசின் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். அங்கே காத்திருக்கும் அஸ்பாரஜின் ஒன்று அசெட்டைலின் கார்போனைல் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். பிஆர்டி4-இன் முதல் புரோமோடொமைனில் அது 140-ஆம் இட அஸ்பாரஜின். பள்ளத்தின் அடியில் இடம் மாறாத சில நீர் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றின் வழியாக 97-ஆம் இட டைரோசினும் அதே ஆக்சிஜனைத் தொடும்.

அசெட்டைல் ஏறாத லைசின் ஏன் நுழைவதில்லை? அதன் நுனியில் நேர்மின்சுமை இருக்கிறது. நீர் சூழ்ந்த அந்தச் சுமையைக் கழற்றி, நீர் விலக்கும் பள்ளத்துக்குள் கொண்டுபோக ஆகும் ஆற்றல் செலவை ஈடுகட்ட அங்கே எதுவும் இல்லை. அசெட்டைல் ஏறியவுடன் சுமை போய்விடுகிறது, செலவும் போய்விடுகிறது.

மனிதரில் 46 புரதங்களில் 61 புரோமோடொமைன்கள் உள்ளன. ஒற்றை அசெட்டைலை இவற்றில் பல தளர்வாகத்தான் பிடிக்கும். பிரிகை மாறிலி (பிடி தளரத் தளரப் பெரிதாகும் எண்) பத்து, நூறு மைக்ரோமோலார் என்று போகும். பிஆர்டி4 போன்றவற்றின் முதல் டொமைன், எச்4-இன் 5, 8 ஆகிய இரண்டு லைசின்களிலும் அசெட்டைல் இருந்தால் இரண்டையும் ஒரே பள்ளத்தில் வாங்கிக்கொள்ளும். அப்போதுதான் பிடி இறுகும்.

ஏஎஃப்9, இஎன்எல் ஆகியவற்றில் உள்ள ஒய்இஏடிஎஸ் டொமைன் வேறு வழியில் போகிறது. அதன் பள்ளம் இருபுறமும் திறந்த சுரங்கம். இரண்டு அரோமேட்டிக் வளையங்கள் அசெட்டைலை நடுவில் இறுக்கும். முனை திறந்திருப்பதால் அசெட்டைலைவிட நீளமான குரோட்டோனைலும் உள்ளே போகும், இன்னும் கொஞ்சம் நன்றாகவே ஒட்டும். புரோமோடொமைன்களில் பெரும்பாலானவை குரோட்டோனைலை ஏற்பதில்லை.

மெத்தில் ஏறினால் லைசினின் மின்சுமை மாறுவதில்லையே. பிறகு எதைப் பார்த்துப் படிக்கிறது?

இரண்டு, மூன்று அல்லது நான்கு அரோமேட்டிக் பக்கச்சங்கிலிகள் (டைரோசின், டிரிப்டோபேன், பீனைல்அலனின்) சேர்ந்து ஒரு கூண்டு கட்டும். மூன்று மெத்தில் ஏறிய லைசினின் நுனி அதற்குள் நுழையும். நேர்மின்சுமை நைட்ரஜனில் குவிந்து நிற்காமல் மூன்று மெத்தில்களிலும் பரவியிருக்கிறது. அரோமேட்டிக் வளையத்தின் முகத்தில் எலக்ட்ரான் அடர்த்தி அதிகம். இரண்டுக்கும் இடையே கேட்டயான்-பை கவர்ச்சி பிறக்கிறது. வெறும் லைசினுக்கும் அதே சுமை உண்டு. ஆனால் அதைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்போடு நெருக்கமாக நிற்பதால் உரித்து உள்ளே இழுப்பது கடினம். மெத்தில் ஏற ஏற அந்த நீர் உறை தளரும்.

இது வெறும் நீர் விலக்கும் விளைவு இல்லை என்று எப்படித் தெரியும்? நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் வைத்து, உருவத்தில் மும்மெத்தில் லைசின் போலவே இருந்து சுமை மட்டும் இல்லாத ஒரு அமினோ அமிலத்தைப் பெப்டைடில் (ஹிஸ்டோன் வாலின் செயற்கைத் துண்டில்) சேர்த்து, எச்3கே9 மெத்திலைப் படிக்கும் எச்பி1 புரதத்தின் குரோமோடொமைனோடு சோதித்தார்கள். உருவம் சரியாகப் பொருந்தியும் பிடி வெகுவாகக் குறைந்தது. சுமை வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

டிரோசோபிலா எச்பி1-இல் அந்தக் கூண்டு டைரோசின் 24, டிரிப்டோபேன் 45, டைரோசின் 48. பிபிடிஎஃப் புரதத்தின் பிஎச்டி விரலில் (எச்3கே4-ஐப் படிக்கும் சிறு டொமைன்) நான்கு சுவர்கள்: டைரோசின் 10, 17, 23, டிரிப்டோபேன் 32.

ஒன்றா, இரண்டா, மூன்றா என்று மெத்திலை எண்ணுவது எப்படி?

அகலமான, முழுக்க அரோமேட்டிக் ஆன கூண்டு மூன்றை விரும்பும். ஒன்று அல்லது இரண்டு மட்டும் வேண்டுமென்றால் இரண்டு உத்திகள் உண்டு: பள்ளத்தைக் குறுக்கி மூன்றாவது மெத்திலுக்கு இடமில்லாமல் செய்வது, கூண்டின் ஒரு சுவரில் அஸ்பார்டேட்டையோ குளூட்டமேட்டையோ வைப்பது. இருமெத்தில் நைட்ரஜனில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது. அந்த அமிலம் அதோடு பிணைப்பு போடும். மும்மெத்திலில் ஹைட்ரஜனே கிடையாது. 53பிபி1-இன் இரட்டை டியூடர் டொமைன் எச்4கே20 இருமெத்திலைப் பிடித்து மும்மெத்திலை விலக்குவது 1521-ஆம் இட அஸ்பார்டேட்டால்தான்.

இதை மாற்றிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். பிபிடிஎஃப்-இன் டைரோசின் 17-ஐ குளூட்டமேட்டாக மாற்றினால், மும்மெத்திலை விரும்பிய அதே பிஎச்டி விரல் இருமெத்திலை விரும்பத் தொடங்குகிறது. ஒரே ஒரு அமினோ அமிலம்! ஆனாலும் இயற்கையான வாசிப்பான்களில் மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பல சமயம் சில மடங்குதான். ‘மும்மெத்திலை மட்டும் படிக்கும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எண்களைத் தேடிப் பாருங்கள்.

எச்3கே9-ஐயும் எச்3கே27-ஐயும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? இரண்டிலும் சுற்றியுள்ள வரிசை ஒன்றுதானே?

ஆம். இரண்டு இடத்திலும் அலனின்-ஆர்ஜினின்-லைசின்-செரின் என்றுதான் வருகிறது. கூண்டு இரண்டுக்கும் ஒரே மாதிரி. வேறுபாடு கூண்டுக்கு வெளியே இருக்கிறது. குரோமோடொமைனுக்குள் எச்3 வால் ஒரு பீட்டா இழையாகச் செருகிக்கொள்ளும். இருபுறமும் உள்ள இழைகளோடு முதுகெலும்பு வழியாக ஹைட்ரஜன் பிணைப்பு போடும். எச்பி1 இப்படி 5-ஆம் இட குளூட்டமினிலிருந்து தொடங்கும் துண்டைப் பிடிக்கிறது. கே27-ஐப் படிக்கும் பாலிகோம்பு புரதத்துக்கு இன்னும் நீளமான பள்ளம் உண்டு. கே27-க்கு முன்னால் 20-ஆம் இடம் வரை தொட்டுப் பார்க்கும். கே9-க்கு முன்னால் அதே தூரத்தில் வரும் வரிசை வேறு. எச்பி1, பாலிகோம்பு இரண்டின் குரோமோடொமைன்களையும் மாற்றிப் பொருத்தியபோது, புரதம் உட்கருவில் போய் உட்காரும் இடமும் மாறியது.

பெப்டைடு வாங்கும்போது இது நேரடியாகக் காசைப் பாதிக்கும். கே27-ஐ நடுவில் வைத்து 24 முதல் 30 வரை மட்டும் வாங்கினால் பாலிகோம்பு சரியாக ஒட்டாது. 18 முதல் 35 வரையாவது இருக்கட்டும்.

குறி இல்லாததைப் படிக்கும் புரதங்களும் உண்டா?

உண்டு, அவை நியாயமான கவனத்தைப் பெறுவதில்லை. பிஎச்சி80 புரதத்தின் பிஎச்டி விரல், எச்3கே4-இல் மெத்தில் இல்லாதபோது மட்டும் ஒட்டும். கூண்டுக்குப் பதில் அங்கே அமிலப் பக்கச்சங்கிலி ஒன்று வெறும் லைசினின் நுனியோடு பிணைகிறது. மெத்தில் ஏறினால் இடிக்கும். ஏஐஆர்இ-இன் முதல் பிஎச்டி விரலும், டிஎன்எம்டி3ஏ-இன் ஏடிடி டொமைனும் இதே வகை. பிந்தையதால்தான் எச்3கே4 மும்மெத்தில் உள்ள புரொமோட்டர்களில் (மரபணு படியெடுப்பு தொடங்கும் இடங்களில்) டிஎன்ஏ மெத்திலேற்றம் தவிர்க்கப்படுகிறது.

பாஸ்பேட் குறிகள்?

எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட்டை லைசின், ஆர்ஜினின் நிறைந்த பள்ளம் பிடிக்கும். எச்3எஸ்10 பாஸ்பேட்டை 14-3-3 புரதங்கள் படிக்கின்றன. டிஎன்ஏ முறிந்த இடத்தில் எச்2ஏஎக்ஸ்-இன் செரின் 139-இல் ஏறும் பாஸ்பேட்டை எம்டிசி1-இன் இரட்டை பிஆர்சிடி டொமைன் படிக்கிறது. அது பாஸ்பேட்டை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று இடம் தள்ளி முடியும் புரதத்தின் கடைசி கார்பாக்சில் முனையையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த முனையில் பயோட்டினோ (பெப்டைடை மணியில் பிடிக்க உதவும் சிறு மூலக்கூறு) வேறு டேக்கோ ஒட்டினால் சோதனை அங்கேயே தோற்றுவிடும்.

பாஸ்பேட்டுக்கு இன்னொரு வேலை பக்கத்துக் குறியை மறைப்பது. செல் பிரியும்போது அரோரா பி நொதி எஸ்10-இல் பாஸ்பேட் ஏற்றும். கே9 மும்மெத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எச்பி1 கழன்றுவிடும்.

பிரிகை மாறிலி மைக்ரோமோலாரில்தான் வருகிறது. இவ்வளவு தளர்ந்த பிடி செல்லுக்குள் எப்படிப் போதும்?

பலரும் இடறும் இடம் இதுதான். 5 மைக்ரோமோலார் என்றால், சேரும் வேகம் விநாடிக்கு ஒரு மோலாருக்கு 10 இலட்சம் என்று வைத்தால், பிரியும் வேகம் விநாடிக்கு 5. அதாவது ஒரு பிணைப்பின் அரை ஆயுள் ஏறத்தாழ 0.14 விநாடி. ஒற்றை டொமைன் ஒற்றைக் குறியில் நிலையாக உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யக் கூடாது.

செல் இதைப் பல பிடிகளால் ஈடுகட்டுகிறது. தலா 10 மைக்ரோமோலார் பிடியுள்ள இரண்டு டொமைன்கள் ஒரே புரதத்தில் இருக்கட்டும். முதலாவது ஒட்டியபின் இரண்டாவது தன் இலக்கைப் பார்க்கும் உள்ளூர்ச் செறிவு 1 மில்லிமோலார் என்று கொள்வோம். மொத்தப் பிரிகை மாறிலி 10 × 10 ÷ 1000, அதாவது 0.1 மைக்ரோமோலார். நூறு மடங்கு இறுக்கம். இணைப்புத் துண்டு மிக நீளமாகவோ, விறைப்பாகவோ, தவறான திசையிலோ இருந்தால் இந்த இலாபம் கிடைக்காது.

எடுத்துக்காட்டுகள் நிறைய. எச்பி1 தன் குரோமோஷேடோ டொமைன் வழியாக இருமமாகி இரண்டு வால்களைப் பிடிக்கிறது. பிபிடிஎஃப்-இல் பிஎச்டி விரலும் புரோமோடொமைனும் அடுத்தடுத்து உள்ளன. எச்3கே4 மும்மெத்திலும் எச்4கே16 அசெட்டைலும் ஒரே நியூக்ளியோசோமில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். யுஎச்ஆர்எஃப்1 எச்3கே9 மும்மெத்திலையும், மெத்தில் ஏறாத எச்3ஆர்2-ஐயும், பாதி மெத்திலேறிய டிஎன்ஏ-வையும் தனித்தனி டொமைன்களால் பார்க்கிறது.

பெப்டைடில் ஒட்டாத டொமைன் நியூக்ளியோசோமில் ஒட்டுமா?

ஒட்டலாம். சிறந்த உதாரணம் பிடபிள்யூடபிள்யூபி. எல்இடிஜிஎஃப் புரதத்தின் இந்த டொமைன் எச்3கே36 மும்மெத்தில் பெப்டைடைப் பிடிப்பது மில்லிமோலார் அளவில். வழக்கமான சோதனையில் ‘ஒட்டவில்லை’ என்றே எழுதிவைப்போம். அதே குறியுள்ள நியூக்ளியோசோமில் பிடி மைக்ரோமோலாருக்கு வந்துவிடும். கே36 டிஎன்ஏ வெளிவரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டொமைனின் நேர்மின் பரப்பு டிஎன்ஏ-வைப் பிடிக்க, கூண்டு குறியைப் பிடிக்கிறது.

எதிர்மாறாகவும் நடக்கும். வால் டிஎன்ஏ மேல் படிந்து கிடப்பதால், பெப்டைடில் நன்றாக ஒட்டிய டொமைனுக்கு நியூக்ளியோசோமில் பிடி குறையலாம். 53பிபி1 போன்றவற்றுக்கு எச்4கே20 இருமெத்தில் மட்டும் போதாது, எச்2ஏகே15-இல் யூபிகுவிட்டினும் வேண்டும். அது பெப்டைடில் தெரியவே தெரியாது.

குறியுள்ள நியூக்ளியோசோம் செய்ய எளிய வழி, வேண்டிய லைசினை சிஸ்டீனாக மாற்றி, மெத்திலேறிய அமினோஎத்தில் ஹாலைடால் அல்கைலேற்றுவது. எச்3-இல் ஏற்கெனவே உள்ள சிஸ்டீன் 110-ஐ முதலில் அலனினாக மாற்றிவிட வேண்டும். கிடைப்பது அசல் மெத்தில் லைசின் இல்லை; சங்கிலியில் ஒரு கார்பனின் இடத்தில் கந்தகம் இருக்கும். அதனால் சில வாசிப்பான்களுக்குப் பிடி குறையும். ஒப்பிடும்போது எல்லாவற்றையும் இதே முறையில் செய்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பெப்டைடு இழுப்புச் சோதனையை எப்படிச் செய்வது?

பெப்டைடை மணியில் ஒட்டி, அதோடு புரதம் சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் இது. எச்3-இன் 1 முதல் 21 வரை உள்ள பெப்டைடு, பயோட்டின் கடைசி முனையில். முதல் முனையில் ஒருபோதும் வேண்டாம்: கே4-ஐப் படிக்கும் பிஎச்டி விரல்கள் 1-ஆம் இட அலனினின் திறந்த அமினோ முனையையும் பிடிக்கின்றன. எச்4-இன் முதல் முனை இயற்கையிலேயே அசெட்டைல் ஏறியது, அங்கே அப்படியே கேளுங்கள்.

ஒரு குழாய்க்கு 1 மைக்ரோகிராம் பெப்டைடு (சுமார் 0.4 நானோமோல்), 20 மைக்ரோலிட்டர் ஸ்ட்ரெப்டாவிடின் காந்த மணிகள். அறை வெப்பத்தில் அரைமணி நேரம் சுழற்றிவிட்டு, ஒட்டாததைக் கழுவுங்கள். பிறகு 1 முதல் 2 மைக்ரோகிராம் ஜிஎஸ்டி-டொமைன் (ஜிஎஸ்டி என்ற துணைப் புரதத்தோடு இணைத்த டொமைன்), 300 மைக்ரோலிட்டர் கரைசலில்: 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.5), 150 மில்லிமோலார் உப்பு, 0.1 சதவீத என்பி-40. 4 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம். நான்கு முறை கழுவி, எஸ்டிஎஸ் பஃபரில் கொதிக்கவைத்து ஜெல்லில் ஓட்டுங்கள். உள்ளே போட்ட புரதத்தில் 5 அல்லது 10 சதவீதத்தைப் பக்கத்து லேனில் ஏற்ற மறக்காதீர்கள்.

எல்லா லேனிலும் பட்டை வந்தால் காரணம் பெரும்பாலும் மின்சுமை. எச்3 வால் முழுக்க லைசினும் ஆர்ஜினினும். அமிலப் புரதம் எதுவும் அதில் ஒட்டும். உப்பை 250, 300 மில்லிமோலாருக்கு ஏற்றுங்கள். எந்த லேனிலும் வரவில்லையென்றால் கழுவலைக் குறையுங்கள். ஒவ்வொரு கழுவலும் 1 நிமிடத்துக்குள் முடியட்டும். அரை ஆயுள் விநாடியின் பின்னம் என்பது நினைவிருக்கட்டும். மணியில் பெப்டைடு நெருக்கமாக இருப்பதால் கழன்றது பக்கத்தில் மறுபடி ஒட்டுகிறது, அதனால்தான் இந்தச் சோதனை வேலையே செய்கிறது. ஜிஎஸ்டி வேறு இருமமாகும். மணிமேல் இரண்டு கையால் பிடித்ததுபோல் ஆகி, பிடி உண்மையைவிட இறுக்கமாகத் தெரியும். ஆகவே பட்டையின் தடிமனை வைத்து எத்தனை மடங்கு என்று சொல்லாதீர்கள்.

கட்டுப்பாடுகள் குறைந்தது மூன்று வேண்டும்: குறியில்லாத பெப்டைடு, வேறு இடத்தில் அதே குறியுள்ள பெப்டைடு, கூண்டின் அமினோ அமிலத்தை மாற்றி உடைத்த புரதம் (மாற்றுரு). மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிரிகை மாறிலியை அளக்க ஐடிசி நல்லதா, ஒளிர்வு முனைவாக்கம் நல்லதா?

புரதம் போதுமான அளவு இருந்தால் ஐடிசி (பிணையும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை அளப்பது). லேபிள் வேண்டாம், ஒரு டொமைனுக்கு எத்தனை பெப்டைடு என்ற விகிதமும் கூடவே கிடைக்கும். 25 டிகிரியில், கலத்தில் 50 மைக்ரோமோலார் டொமைன், ஊசியில் 500 மைக்ரோமோலார் பெப்டைடு என்று தொடங்கலாம். கலத்தின் செறிவைப் பிரிகை மாறிலியால் வகுத்தால் 5-க்கு மேல் வர வேண்டும். இல்லாவிட்டால் வளைவு எஸ் வடிவம் எடுக்காது, விகிதத்தை நம்ப முடியாது. இரண்டும் ஒரே பஃபரில் இருப்பது அவசியம். புரதத்தைக் காக்கச் சேர்க்கும் டிடிடி காற்றில் ஆக்சிஜனேறி அடிக்கோட்டை ஆட்டும், அதற்குப் பதில் 0.5 மில்லிமோலார் டிசிஇபி போதும். பெப்டைடை வெறும் பஃபரில் செலுத்திய ஓட்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விகிதம் 0.6, 1.5 என்று வந்தால் டொமைனைக் குறை சொல்லும் முன் பெப்டைடைச் சந்தேகியுங்கள். எச்3 வாலின் முதல் 20 இடங்களில் டிரிப்டோபேனும் இல்லை, டைரோசினும் இல்லை. 280 நானோமீட்டரில் எதுவும் தெரியாது. எடை போட்டுக் கரைத்தால், பொடியில் உள்ள டிஎஃப்ஏ உப்பும் ஈரமும் சேர்ந்தே எடை காட்டும். கடைசியில் ஒரு டைரோசினைச் சேர்த்து வாங்கினால் இந்தத் தொல்லை தீரும். வந்த பெப்டைடின் நிறையையும் உயர்துல்லியக் கருவியில் பாருங்கள்: மூன்று மெத்தில் கூட்டுவது 42.047 டால்டன், ஒரு அசெட்டைல் கூட்டுவது 42.011. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

புரதம் குறைவு, மாதிரிகள் அதிகம் என்றால் ஒளிர்வு முனைவாக்கம் (ஒளிரும் பெப்டைடு புரதத்தில் ஒட்டியதும் மெதுவாகச் சுழல்வதை அளப்பது). லேபிள் போட்ட பெப்டைடு 10 முதல் 50 நானோமோலார், புரதத்தைப் பாதி பாதியாக நீர்த்து 12 முதல் 16 புள்ளிகள். உச்சப் புள்ளி எதிர்பார்க்கும் பிரிகை மாறிலியைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். தட்டையான உச்சம் தெரியாத வளைவிலிருந்து எடுத்த எண் வெறும் ஊகம்.

பிஎச்டி விரலிலும் புரோமோடொமைனிலும் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பிஎச்டி விரல் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி மடிகிறது. துத்தநாகத்தைப் பறிக்கும் இடிடிஏ எந்தக் கரைசலிலும் வேண்டாம். ஈ.கோலையில் தூண்டும்போது 50 முதல் 100 மைக்ரோமோலார் துத்தநாக குளோரைடு சேர்த்து, 16 முதல் 18 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். துத்தநாகம் சேர்த்த கரைசலில் பாஸ்பேட் பஃபர் வீழ்படிவு தரும்.

புரோமோடொமைனில் சேர்மங்களைச் சோதிக்கும்போது டிஎம்எஸ்ஓ-வைக் கவனியுங்கள். அதுவே அசெட்டைலைப்போல் பள்ளத்தில் தளர்வாக உட்காரும். எல்லாக் கிணறுகளிலும் ஒரே அளவு, 1 சதவீதத்துக்குக் கீழே.

எந்த மாற்றுருவை எதிர்மறைக் கட்டுப்பாடாக எடுப்பது?

புரோமோடொமைனில் அந்த அஸ்பாரஜின்; பிஆர்டி4-இல் 140-ஐ அலனினாக்கலாம். கூண்டுகளில் டிரிப்டோபேன்: 53பிபி1-இல் 1495, ஐஎன்ஜி2-இல் 238. மாற்றியபின் புரதம் மடிந்திருக்கிறதா என்று வட்ட இருநிறமாட்டோ உருகுவெப்பமோ பார்த்தாக வேண்டும். மடிப்பே குலைந்த புரதம் எதிலும் ஒட்டாது. அது எதையும் நிரூபிக்காது.

சிப்-சீக்கில் வாசிப்பானும் குறியும் ஒரே இடத்தில் வருகின்றன. படிக்கிறது என்று சொல்லிவிடலாமா?

முடியாது. சிப்-சீக் ஒரு புரதமோ குறியோ டிஎன்ஏ-வில் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். எச்3கே4 மும்மெத்தில் செயல்படும் புரொமோட்டர்களில் இருக்கும். அங்கேதான் நூற்றுக்கணக்கான புரதங்களும் இருக்கும். செல்லில் கூண்டு மாற்றுருவை வைத்து உச்சங்கள் குறைகின்றனவா என்று பாருங்கள். குறையாவிட்டால் அந்தப் புரதத்தை வேறு ஏதோ அங்கே கொண்டுவருகிறது. குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் பக்கத்துக் குறிகளில் ஒட்டும் வழக்கம் உண்டு. இருமெத்தில், மும்மெத்தில் பெப்டைடுகளில் நீங்களே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

படிப்பது தவறினால் நோய் வருமா?

ஆர்ஏஜி2-இன் பிஎச்டி விரலில் டிரிப்டோபேன் 453 மாறினால் எச்3கே4 மும்மெத்திலைப் பிடிக்க முடியாமல் போகிறது. இந்த மாற்றம் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ளவர்களில் காணப்பட்டது. எதிர்ப்பக்கம், என்யுபி98 புரதத்தோடு ஜேஏஆர்ஐடி1ஏ-இன் பிஎச்டி விரல் இணைந்துவிட்டால் ஒருவகை இரத்தப் புற்றுநோய் வருகிறது. கூண்டை உடைத்தால் அந்த இணைவுப் புரதம் செல்லைப் புற்றாக்குவதில்லை. புரோமோடொமைன் பள்ளத்தை மருந்தால் அடைக்க முடியும் என்று 2010-இல் ஜேக்யூ1 என்ற சேர்மம் காட்டியது. அரோமேட்டிக் கூண்டுகளை அடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பள்ளம் ஆழமில்லை, மேற்பரப்பிலேயே கிடக்கிறது.

என் டொமைன் எந்தப் பெப்டைடிலும் ஒட்டவில்லை. அடுத்து என்ன?

முதலில் வரிசையைப் பாருங்கள்: கூண்டின் அரோமேட்டிக்குகளோ அந்த அஸ்பாரஜினோ உண்மையில் இருக்கின்றனவா? பல பிஎச்டி விரல்களிலும் சில புரோமோடொமைன்களிலும் அவை கிடையாது. இருந்தால், டொமைனின் எல்லையை இருபுறமும் 15, 20 அமினோ அமிலம் நீட்டி மறுபடி செய்யுங்கள். பக்கத்துச் சுருள் ஒன்று இல்லாமல் மடியாதவை உண்டு. அடுத்து, பக்கத்து டொமைனையும் சேர்த்து. அதன்பிறகு என்எம்ஆர்: நைட்ரஜன்-15 ஏற்றிய 100 மைக்ரோமோலார் புரதத்தில் பெப்டைடை மில்லிமோலார் வரை ஏற்றினால், இழுப்புச் சோதனையில் தெரியாத தளர்ந்த பிடியும் சில உச்சங்களின் நகர்வாகத் தெரியும். நகர்ந்த உச்சங்கள் கூண்டைச் சுற்றியே இருந்தால் நியூக்ளியோசோம் செய்ய இறங்கலாம். புரதப் பரப்பு முழுக்கச் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் மின்சுமை ஒட்டல். குறியில்லாத பெப்டைடிலும் அதே நகர்வு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.